பம்பில் சிக்கிய காற்று

டயாலிசிஸ் பிரிவில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊசி போட்டால் வலியே தெரியாது என்று நோயாளிகள் மத்தியில் ஒரு பேச்சு. ஒருவருடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் போய்ச் சேரும்வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ரத்தம் வெளியே கசிந்தாலும் ஆபத்து, வெளிக்காற்று குழாய்க்குள் நுழைந்தாலும் ஆபத்து.

அந்தப் பதற்றத்தை இறக்கி வைக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் கம்ப்யூட்டர் கேம். ஐந்து பேர் கொண்ட அணி. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். எதிரி எந்தப் பக்கமாக வருகிறான் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள் ஊசியக்கா. நாற்பதை நெருங்கும் ஒருத்தியைக் கல்லூரிப் பிள்ளைகள் விடாமல் வைத்திருந்தது அதற்காகத்தான்.

வம்பெல்லாம் கம்ப்யூட்டரால் வந்தது. அவளுடையது மாடி அறை, தலைக்கு மேலே தகரக் கூரை. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து கம்ப்யூட்டரும் சூடாகி, படக்கென்று அணைந்துவிடும். அவளால் அணி இரண்டு முறை மண்ணைக் கவ்வியது. அணிக்கு கேப்டனாக இருந்த பெண் கடைசியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் போட்டியில செமி ஃபைனல் வரைக்கும் வந்துட்டோம், அதுலயும் இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளத்தான் போடணும்."

ஊசியக்காவின் தம்பி ஏசி மெக்கானிக். குளிர்ச்சி என்று யாராவது வாயெடுத்தால் போதும், அது தன் இலாகா என்று வந்து உட்கார்ந்துவிடுவான்.

"கம்ப்யூட்டருக்குள்ள லிக்விட் கூலர் போட்டுடலாம்க்கா. பம்பு தள்ளுற தண்ணி சூட்ட உறிஞ்சிக்கிட்டு ரேடியேட்டருக்குப் போகும், அங்க ஆறிட்டுத் திரும்பி வரும். ஜில்லுன்னு இருக்கும்."

"குழாய்க்குள்ள தண்ணி ஓடுறதப் பாத்துக்கிட்டே இருக்குறதுதான் அங்க எனக்குப் பொழப்பு. வீட்டுலயும் அதேவா? தண்ணியே இல்லாம பெரிய ஃபேன் மட்டும் வச்ச ஏர் கூலர் வாங்கிக்கலாம்டா. கெட்டா ஃபேன்தான் கெடும்."

"அது டவர் மாதிரி இருக்கும்க்கா. உள்ள வச்சா உன் கம்ப்யூட்டர் பெட்டியோட கண்ணாடிக் கதவு மூடாது."

ஒரு வாரம் இதே இழுபறிதான். போட்டி நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போனது. கடைசியில், "எதையோ போட்டுத் தொல" என்றாள். அவன் லிக்விட் கூலரையே கொண்டுவந்து மாட்டினான். தரையோரம்தான் குளிர்ந்த காற்று இருக்கும் என்று ரேடியேட்டரைப் பெட்டியின் அடியில் பொருத்தினான். தொழில் தெரிந்தவன் செய்கிறானே என்று அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரையிறுதி. மூன்று ஆட்டங்களில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போனது. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. ஜெயித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில், ஹெட்போனையும் மீறி அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

களக்... களக்...

அவள் கை தானாக மவுஸை விட்டு எழுந்து, டயாலிசிஸ் குழாயை இறுக்கி அடைக்கும், இங்கே இல்லாத ஒரு கிளாம்ப்பைத் தேடியது. அந்த ஒரு கணத்தில் திரையில் அவளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

"அக்கா! கதவுகிட்டதானே நின்னான்! கேக்கலயா?" கேப்டன் கத்தினாள்.

திரை ஓரத்தில் வெப்பம் எண்பதைத் தாண்டியது. தொண்ணூறையும் தொட்டது. தம்பி ஓடிப்போய் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து பெட்டிக்கு நேராக வைத்தான். ஒரு புண்ணியமும் இல்லை. கம்ப்யூட்டர் அணையவில்லைதான், ஆனால் படம் விட்டுவிட்டு நகர, அந்த ஆட்டம் கைநழுவிப் போனது.

"கேப்டன், அடுத்த கேமுக்கு முன்னாடி கொஞ்சம் டைம் வாங்கு."

"ரொம்ப நேரம் தர மாட்டாங்கக்கா!"

அவள் கம்ப்யூட்டரை அணைத்துக் கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். கசிவு இல்லை.

"பம்பு மேல இருக்கு, ரேடியேட்டர் கீழ கெடக்கு. உள்ள இருக்குற கொஞ்சூண்டு காத்து எங்கடா போகும்? மேலதானே போகும்? போய் பம்புல உக்காந்துடுச்சு. தண்ணி ஓடவே இல்ல."

தம்பிக்கு முகம் வெளிறிப்போனது. "ஐயோ, இது எனக்குத் தோணவே இல்லையேக்கா. கழட்டி மேல மாட்டிடவா?"

"மாட்ட நேரமில்ல. ஸ்க்ரூவ மட்டும் எடு. குழாய இழுத்துடாத, கசிஞ்சா எல்லாம் போச்சு."

இருவருமாக ரேடியேட்டரை ஃபேன்களோடு மெல்ல வெளியே எடுத்தார்கள். அவன் அதைப் பெட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அவள் குழாயை விரலால் சுண்டிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டாள். களக் என்று ஒருமுறை சத்தம் வந்தது. இன்னொரு முறை. பிறகு சத்தமே இல்லை. வெப்பம் இறங்கத் தொடங்கியது.

"அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லு."

"எவ்வளவு நேரம்க்கா?"

"கேம் முடியிற வரைக்கும்."

ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சொந்தக்காரனைப்போல அவன் நின்றான். நெற்றி வியர்வை மதர்போர்டில் சொட்டிவிடுமோ என்று தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கூரையைப் பார்த்தபடியே நின்றான். மூன்றாவது ஆட்டம் தொடங்கியதும் ஊசியக்கா திரும்பவே இல்லை. இடது பக்கம் ரெண்டு பேர், படியில ஒருத்தன் என்று சொல்லிக்கொண்டே போனாள். புள்ளிகள் சமமாகி, மறுபடி சமமாகி, கடைசிச் சுற்றில் அவள் ஒருத்திதான் மிச்சம். எதிரே இரண்டு பேர். ஒருவனை வீழ்த்தினாள். மற்றவன் அசையாமல் ஒளிந்திருந்தான், காலடியே இல்லை. அவன் சுட்டான். தோற்றுப்போனார்கள்.

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "கைய இறக்கலாமா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடைசி ஆளு எனக்கே கேக்கலக்கா, யாருக்குமே கேட்டிருக்காது. அடுத்த போட்டிக்கும் நீங்கதான். ஆனா கம்ப்யூட்டரச் சரி பண்ணுங்க" என்றாள் கேப்டன்.

ரேடியேட்டரை மேலே மாட்டிவிட்டால் இனிப் பிரச்சினை வராது என்று தம்பி எவ்வளவோ சொன்னான். அது உண்மை என்று அவளுக்கும் தெரியும்.

"நல்ல சாமான்தான்டா, நான் குறை சொல்லல. ஆனா எங்கயாச்சும் சலக்குன்னா என் காது அங்கதான் போகும். அப்புறம் எங்க வெளயாடுறது?"

மறுவாரம் ஏர் கூலர் வந்தது. தம்பி சொன்னபடியே கண்ணாடிக் கதவு மூடவில்லை. அவள் அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டாள். தூசி அடையும் என்று அவன் முணுமுணுத்தான். வாராவாரம் நீயே வந்து துடை என்று அவன் வாயை அடைத்தாள். அன்று அந்தப் பெரிய ஃபேன் சுற்ற, ஆட்டம் தொடங்கியதும் கேப்டன் கேட்ட முதல் கேள்வி:

"யாரு வீட்டுல மிக்ஸி ஓடுது?"

"என் வீட்டுலதான்" என்றாள் ஊசியக்கா. "ரெண்டு பேர் வர்றாங்க, வலது பக்கம்."