கவர்னர் நின்ற வரிசை

அல்பேட் எனக்கு மன்னாரிலேயே தெரிந்தவன். இத்தாலியில் பலர்மோவுக்கு வந்த பிறகு ஆள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான். காரணம் அவன் வேலை செய்த வீடு. கபோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் வால்டர் கிரேடன் அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கு இரண்டு தடவை கவர்னராக இருந்தவர். தகப்பன் விட்டுப்போன இரும்பு ஆலைகளை விற்று மருத்துவமனைகள் கட்டியவர். இறந்துபோன மனைவி பலர்மோக்காரி. அவள் நினைவாக நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் பிள்ளைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டிக் கொடுத்துவிட்டு, எண்பது வயதில் இங்கேயே தங்கிவிட்டார். அவருக்குச் சமைப்பது, துவைப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் அல்பேட்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. அவன் மனைவி மொனிகா மகளோடு போருக்குத் தப்பி ஊரில் மடுக் கோயிலடியில் ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழே அகதியாக இருந்தாள். அவர்களை இங்கே கூப்பிட வேண்டுமென்றால், வேலை கொடுப்பவர் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழனே போவோம் என்றார் கவர்னர்.

"அவரைக் கண்டால் கதவு தானாத் திறக்கும், பாருங்கோ" என்றான் அல்பேட். யானை படுத்தாலும் குதிரை மட்டமல்லவா, நாங்களும் நம்பினோம்.

வியாழக்கிழமை வரிசையில் என் அலுவல் ஒன்றுக்காக நானும் நின்றேன். வாசல் காவலாளி கவர்னரை அடையாளம் கண்டு, உள்ளே கதிரை இருக்கிறது, வாருங்கள் என்று ஓடி வந்தான். கவர்னர் வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"இந்தச் சனமெல்லாம் எனக்கு முதல் வந்தவை" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றி நின்றார். நாலு மணித்தியாலம்! ஆனால் எங்களுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருக்கையில் நேரம் முடிந்ததென்று அலுவலக ஜன்னலைப் பூட்டிவிட்டார்கள்.

தெருவில் அல்பேட் வெடித்தான். "உங்கட நியாயம் உங்களுக்குப் பெருமை, சிஞ்ஞோர். அங்கை தறப்பாளுக்குக் கீழ கிடக்கிறது என்ர மனுசியும் பிள்ளையும். நாளைக்கும் பூட்டினால் நான் என்ன செய்யிறது?"

எத்தனையோ மேடைகளில் பேசிய மனிதர் கைத்தடியை ஊன்றி வீட்டுப் பக்கம் நடந்தார். இவனுக்கு வாயில் சனி, வேலையும் போச்சு என்று நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக நிற்கலாமென்று விடியக் காலையில் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால், மேல்கோட்டுக் கழுத்தைத் தூக்கி விட்டுக்கொண்டு, கவர்னர் தனியாக நின்றார். தேர்தல் காலத்தில் அவர் கையைக் குலுக்கச் சனம் வரிசையில் நின்றதாம். நான் போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

ஏழு மணிக்கு அல்பேட் மூச்சிரைக்க ஓடி வந்தான். கோப்பி கொண்டுபோனபோது கவர்னரின் கட்டில் வெறுமையாக இருந்ததாம்.

"இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன். நீ முன்னுக்கு நில்" என்று கவர்னர் ஒரு அடி பின்னால் வந்தார். நானும் பின்வாங்கினேன்.

ஜன்னல் திறந்தது. அதிகாரி அல்பேட்டைத் தாண்டி, கிழவரைப் பார்த்து, என்ன அலுவல் என்று மரியாதையாகக் கேட்டார்.

"அலுவல் இவருடையது" என்றார் கவர்னர். "நான் இவரோட வந்தனான்."

கவர்னர் கையெழுத்து வைத்தார், முத்திரை விழுந்தது. அல்பேட் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும்தான்.