சோளக் கல்

சவரியம்மாளைப் பற்றி ஊரில் கேட்டால், "அதுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்பார்கள். ரஞ்சன்குடிப் பக்கம் அந்தச் சின்ன ஊரில் இருக்கும் ஒன்றிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. கொஞ்சம் மானாவாரிக் காடு, ஒரு கறவை மாடு, இன்னாசி என்றொரு புருஷன். மூன்றையும் அவள்தான் மேய்க்கிறாள் என்று இன்னாசியே சொல்லிச் சிரிப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்தில்தான் அவளைப் பார்த்து அவன் மலைத்துப்போனான்.

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அறுத்தால் களம் தேடி யாரும் அலைவதில்லை. தார்ரோடுதான் களம். பாதி ரோட்டில் சோளத்தைப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்க ஓரமாகப் பெரிய கற்களை வைத்துவிடுவார்கள். அன்று சாயங்காலம் திடீரென்று தூறல் போட்டது. அள்ளிக் கட்டுகிற அவசரத்தில் கற்களை எடுக்க மறந்துவிட்டான் இன்னாசி. சோளம் தப்பியது. கற்கள் ரோட்டிலேயே கிடந்தன.

மறுநாள் விடிந்ததும், மோட்டார் ரிப்பேர் செய்யும் அழகேசன் பைக்கோடு அதே ரோட்டோரப் பள்ளத்தில் கிடப்பதைப் பால்காரர் பார்த்துச் சத்தம் போட்டார். கால் முறிந்திருந்தது. தலையில் அடிபட்டதில் முந்தின நாள் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. அறுவடைக் காலத்தில் ரோட்டில் கல் கிடப்பது யார் கண்ணுக்கும் புதிதில்லை. ஆனால் அந்த ரோட்டின் கோடியில் ஒயின்ஷாப் இருந்தது. விட்ட குடியை மறுபடி பிடித்துவிட்டான் என்று ஊர் ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. இனிக் குடிப்பதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்த அவன் மனைவி பானுப்ரியா, கீழப்பழுவூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கற்களில் ஒன்றில் பைக்கின் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்ததை இன்னாசியும் பார்த்தான், சவரியம்மாளும் பார்த்தாள். அவன் அதை ஓடையில் உருட்டிவிட்டு, "யாரும் பாக்கல" என்றான். அவளுடைய அந்த நீள வாய் மூடிக்கிடந்தது அவனுக்கே பயமாக இருந்தது.

தவக்காலம் வந்தது. டவுன் கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். தன் முறை வந்த நேரம் பார்த்துச் சவரியம்மாள் வரிசையை விட்டு விலகினாள்.

"என்ன சவரி? உள்ள போய் சொல்லிட்டு வந்துடு, பாரம் எறங்கிடும்."

"எனக்கு எறங்கிடும். பானுவுக்கு எறங்குமா? மொதல்ல அவகிட்ட சொல்லிட்டு, அப்புறம் சாமியார்கிட்ட வரேன்."

"போலீஸ் கேஸுன்னு ஆயிட்டா?"

"ஆவட்டும். வாங்க, அரியலூர் பஸ் போயிடும்."

பஸ்ஸில் அவள், "கேஸுன்னு ஆயிட்டா மாட்ட யாரு பாத்துக்குவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள். இவளுக்குப் பயமே கிடையாது என்றுதான் இன்னாசி இத்தனை காலமும் நினைத்திருந்தான். இவ்வளவு பயத்தையும் மடியில் வைத்துக்கொண்டா கிளம்பினாள்? ஏதோ பெரிய ஆளோடு உட்கார்ந்திருப்பதாகத் தோன்ற, அவன் சற்று ஒதுங்கி இடம் விட்டான்.

கீழப்பழுவூரில் அவள் உட்காரக்கூட இல்லை. "பானு, உன் வூட்டுக்காரரு விழுந்தது எங்க சோளத்துக்கு வச்ச கல்லுல. எடுக்காம விட்டுட்டோம். தெரிஞ்சும் மறைச்சிட்டோம்."

எடுக்காமல் விட்டது யார் என்று அவள் பிரித்துச் சொல்லவில்லை. இன்னாசி தலை குனிந்து நின்றான்.

பானுப்ரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை நாளும் உங்களுக்குத் தூக்கம் வந்துச்சாக்கா?"

"வரல."

பானுப்ரியா உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இவர்களை விட்டுத் தள்ளி, முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் மூவரும் நேராக அழகேசன் வீட்டுக்குப் போனார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தவன், மனைவியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். வாசலிலேயே நின்றுவிடலாம் என்றுதான் இன்னாசி எண்ணியிருந்தான். ஆனால் சவரியம்மாள் வாய் திறப்பதற்குள் அவளைத் தாண்டி உள்ளே போனான்.

"அழகேசா, நீ எங்க கல்லுல மோதித்தான் விழுந்த. அதை எடுக்காம விட்டது நாந்தான். மறைக்கச் சொன்னதும் நாந்தான். சவரிய ஒண்ணும் சொல்லாத."

திட்டுவான், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான் என்று காத்து நின்றான். அழகேசன் அவன் முகத்தையே பார்த்தான்.

"அப்ப நான் குடிக்கலையாண்ணே?"

"இல்லப்பா. அந்த இருட்டுல, குடிக்காதவனையும் அந்தக் கல்லு சாய்ச்சிருக்கும்."

அழகேசன் குழந்தை மாதிரி அழுதான். "எல்லாரும் சொல்லச் சொல்ல, குடிச்சிருப்பேன்னு நானே நம்பிட்டேண்ணே."