ஃபிரிட்ஜ் வழியாக வந்த நெஞ்சுவலி

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் சத்தம் வராது. நானும் என் கணவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதைச் சாமான்களிடம் சொல்லுவோம். அவர் ஃபிரிட்ஜைப் பார்த்து, தேங்காய்ச் சட்னி இருந்தால் நன்றாக இருக்கும் என்பார். நானும் அதே ஃபிரிட்ஜைப் பார்த்து, கண் உள்ளவர்களுக்கு மேல்தட்டில் தெரியும் என்பேன். ஃபிரிட்ஜ் யார் பக்கமும் சாயாது. விதி ஒன்றுதான்: முதலில் நேராகப் பேசுகிறவர் தோற்றவர்.

அந்த முறை சண்டைக்குக் காரணம் எங்கள் அடுக்குமாடிச் சங்கம். மண்ணூர்பேட்டையில் நாங்கள் இருக்கும் குடியிருப்புக்குச் செயலாளராக வர ஒருவரும் சம்மதிக்கவில்லை. கூட்டத்தில் இவர் எழுந்து, என் மனைவி ரொம்ப ஒழுங்கு, தினமும் டைரி எழுதுகிறவள், அவளையே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குவதற்குள் செயலாளர் ஆகியிருந்தேன். அன்றிலிருந்து மோட்டார் ஓடாவிட்டால் என் கதவைத் தட்டுவார்கள், மாடியில் நாய் குரைத்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். தண்ணீர் லாரி வந்தால் திறக்க வேண்டிய நிலத்தடி சம்ப் தொட்டியின் சாவியும் என் கைப்பைக்கு வந்து சேர்ந்தது. என் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை இவர் நடந்துவிட்டு வந்து, காபி குடித்து, டம்ளரை சிங்க்கில் போட்டார். கழுவவில்லை. "டம்ளர் தானா நடந்து போய்க் குளிக்காது" என்று ஃபிரிட்ஜிடம் சொன்னேன். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நெஞ்சுல என்னமோ பண்ணுது. யாராவது ஆட்டோ கூப்பிட்டாத் தேவலை."

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது என் பழக்கம். ஆகவே முதலில் எரிச்சல்தான் வந்தது என்று எழுத வேண்டியிருக்கிறது. தோற்கப் போகும் நேரத்தில் மனுஷன் எடுக்கும் ஆயுதத்தைப் பார் என்று நினைத்தேன். திரும்பினேன். இவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயம் அப்போதுதான் வந்தது. அந்தப் பயத்திலும் நான் ஃபிரிட்ஜிடம், "உட்காரச் சொல்லு, செருப்பை நான் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

வாசலிலேயே ஆட்டோ கிடைத்தது. பாடிப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ஆட்டோவில் ஃபிரிட்ஜ் இல்லாததால் அந்தப் பொறுப்பு ஓட்டுநருக்குப் போனது. இன்சூரன்ஸ் கார்டை எடுத்தார்களா என்று இவர் ஓட்டுநரைக் கேட்டார். எடுத்தாயிற்று என்று சொல்லுங்கள் என்றேன் நான். வலி கைக்கு இறங்குகிறதா என்று கேளுங்கள். இறங்குகிறது என்று சொல்லுங்கள் அண்ணே என்றார் இவர். எஸ்டேட் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரியை உரசாமல் வளைத்து முந்திய பிறகு, ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நான் இன்னா உங்க ஊட்டு போஸ்ட்மேனா? பக்கத்துலதான குந்திகினு கீறாரு. நீயே கேளு."

இவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி கூடி முகம் சுருங்கியது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் விதி பேச்சைப் பற்றியதுதான், கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர், அடைப்பு இருக்கிறது, உடனே உள்ளே கொண்டுபோய் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டேன். அவர்கள் இவரைத் தயார் செய்துகொண்டிருந்தபோது வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். இவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். உடனேயே, போய்விட்டால் இவருடைய அண்ணன் குடும்பம் வந்து தங்கி என் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிடுமே என்று தோன்றியது. செயலாளர் பதவியை அப்போதாவது விட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றும் தோன்றியது. என்னையே ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அழலாம் என்றால், கண் சிவந்திருப்பதைப் பார்த்துத் தான் ஜெயித்ததாக இவர் எடுத்துக்கொள்வார். ஒரு வாரத்துக்கு மேல் நான் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வலி வருவதற்கு முன் கடைசியாகச் சொன்னது டம்ளரைப் பற்றி. அதையும் இவரிடம் சொல்லவில்லை.

கைப்பேசி அடித்தது. தரைத்தளத்து வீட்டுக்காரர். தண்ணீர் லாரி வந்து நிற்கிறது, சம்ப் சாவி எங்கே என்றார். சாவி என் பையில் இருக்கிறது, பை என்னோடு மருத்துவமனையில் இருக்கிறது, என் கணவருக்கு நெஞ்சுவலி என்றேன். அவர் பதறிப்போனார். பெரிய சாரி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப மேடம், எப்ப வருவீங்க?" என்று கேட்டார். யாரையாவது திட்ட வேண்டும் என்ற என் தேவைக்கு அவர் நல்ல நேரத்தில் வந்தார். திட்டி முடித்ததும் மூச்சு சீரானது. சாவியோடு வாசலுக்குப் போனேன். ஆட்டோக்காரர் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

உள்ளே திரும்பியபோது இவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு, கண்ணைத் தூக்கி மேலே தொங்கிய சலைன் பாட்டிலைப் பார்த்தார்.

"சிங்க்ல டம்ளர் அப்படியே கிடக்கு" என்று பாட்டிலிடம் சொன்னார்.

இவ்வளவு வருஷத்தில் மன்னிப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இவர் வந்ததில்லை. நான் குனிந்தேன்.

"நீங்க வந்து கழுவுங்க" என்றேன், இவர் முகத்தைப் பார்த்து.

இவர் பாட்டிலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பேசிட்ட" என்றார். கதவு மூடியது. தோற்றேன். அந்தக் கதவு மறுபடி திறக்கும் வரை, வாழ்நாள் முழுக்கத் தோற்கிறேன், ஆளை மட்டும் அனுப்பி வை என்று எந்தச் சாமியிடம் சொன்னேன் என்று நினைவில்லை. சாமியா, சுவரில் இருந்த சுவிட்ச் பலகையா என்றும் நிச்சயமில்லை.

அடைப்பை எடுத்தாயிற்று, பயமில்லை என்று மருத்துவர் வந்து சொன்னார்.

மாற்றுத் துணி எடுக்க மாலையில் வீட்டுக்கு வந்தேன். தரைத்தளத்துக்காரர் சாவியைக் கொடுத்து, சார் எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்டார். மோட்டாரைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார். சிங்க்கில் டம்ளர் கிடந்தது. அடியில் காபி காய்ந்து பிடித்திருந்தது. அதை நான் கழுவவில்லை. சொன்னது சொன்னதுதான். ஆனால் அப்படியே விட்டால் இவர் வந்து அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும், கை வழியாக ஸ்டென்ட் வைத்ததால் கொஞ்ச நாளைக்குக் கையை வருத்தக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து ஊற வைத்தேன்.