அன்ரன் அண்ணையின் கையெழுத்து

போன கிழமை லண்டன் சவுத்தால் ஸ்டேஷனில் கல்லேற்றிய சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போனது. பிரேக் கருகிய மணம். பக்கத்தில் பிள்ளைகள் போனைப் பார்த்தபடி நிற்க, நான் மட்டும் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், அரசாங்கம் ரயில்வேயைத் துண்டு துண்டாக விற்ற காலம். மேற்கு லண்டனில் முளைத்த ஒரு சின்னச் சரக்கு ரயில் கொம்பனியில் எனக்கு வேலை. இரண்டு பழைய எஞ்சின், ஒரு தகரக் கொட்டில், அவ்வளவுதான் கொம்பனி. முதலாளியே தேநீர் ஊற்றித் தருவார். பிறகு கல்லும் மணலும் ஏற்றக் கொந்தராத்துகள் வந்தன, கூடவே படிவங்களும் வந்தன. வண்டி புறப்படமுன் ஒவ்வொரு பெட்டியின் கைப்பிரேக்கையும் தளர்த்திவிட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும்.

அங்கே நாங்கள் இரண்டு தமிழர். மற்றவர் மன்னார்க்காரர், அன்ரன் அண்ணை. அவருடைய மகளுக்கு ஒரு சனிக்கிழமை மாதா கோயிலில் முதல்நன்மைச் சடங்கு, லீவு கிடைக்கவில்லை. பெற்றோல் ஷெட்டுகளில் நம்மவர்கள் செய்வதுபோல, அவருடைய பெயரில் அவருடைய ஷிப்டுக்கு நான் போனேன். புதிதாய் வந்த ஃபோர்மனுக்கு எங்கள் இரண்டு முகமும் ஒன்றுதான். அண்ணையின் கையெழுத்தை அச்சொட்டாக வைத்தேன். அதில் ஒரு பெருமை வேறு.

ஒரு பிரேக்கைத் தளர்த்த மறந்துபோனேன். வழியில் அந்தப் பெட்டியின் சில்லு உருளாமல் தேய்ந்து நெருப்பெடுத்து வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. திங்கட்கிழமை அண்ணைக்கு விசாரணை என்றார்கள்.

என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. ஆள்மாறாட்டம் என்று பொலிசுக்குப் போனால் கொழும்புக்குத்தான் பிளேன். இறங்கினால் யார் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் அண்ணை வீட்டுக்குப் போனேன். அப்படித்தான் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"நீ வாயைத் திறவாதை," என்றார் அண்ணை. "எனக்கு விசா கிடைச்சிட்டுது. வேறை வேலை தேட ஏலும். உன்னை ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

"ஓம் அண்ணை," என்றேன். எவ்வளவு கெதியாகச் சொன்னேன்!

அவருடைய வேலை போனது. அவருடைய இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். அதற்கும் ஓம் என்றேன்.

எனக்கு விசா வந்தபிறகும் சொல்லவில்லை. அப்போது என்ன பயமென்று எனக்கே தெரியாது. கொம்பனி வளர்ந்தது, பெரிய கொம்பனி ஒன்று அதை வாங்க, பெயரும் அழிந்தது. கொட்டில் நின்ற இடத்தில் மாடி வீடுகள். முதலாளி செத்துப்போனார். அண்ணையும் கனடாவுக்குப் போய் அங்கேயே கண்மூடிவிட்டார். அது நான்தான் என்று சொல்ல இப்போது எனக்குப் பயமில்லை, கேட்கத்தான் ஒருவருமில்லை.