வாயு மூலையில் விழுந்த அம்பு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாகச் சொல்லத் தெரியாது, பாதி மறந்தும் போகிறது. இடையில் வேறு எதையாவது பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ஸ்கோப், அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற குழாய், வாங்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு வில்வித்தையில் ஆசை வந்தது. வீட்டுக்குப் பின்னால் எங்கள் நெல் களம். அறுப்பு இல்லாத மாதங்களில் களத்தின் வடக்குக் கடைசியில் வட்டம் வரைந்த பலகையை நிறுத்தி, தெற்கே நின்று எய்வாள். முப்பது மீட்டர். கண்புரை எடுத்த பிறகு எனக்குத் தூரத்துப் பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது. அவளோ சின்ன வயதிலிருந்தே கண்ணாடி. அதனால் நான் முக்காலி போட்டு உட்கார்ந்து, அம்பு எங்கே விழுந்தது என்று சொல்லுவேன்.

நான் சொல்வது எங்கள் ஊர்க் கணக்கு. மழை எந்தப் பக்கம் கருக்கிறது என்பதை எப்படிச் சொல்வோமோ அப்படி. வடகிழக்கு சனி மூலை, வடமேற்கு வாயு மூலை. பலகை வடக்கே இருந்ததால் மேலே வலது பக்கம் பட்டால் சனி மூலை, மேலே இடது பக்கம் பட்டால் வாயு மூலை. எங்கள் வீட்டில் பந்தி இலையைக்கூட 'கொஞ்சம் கிழக்கே தள்ளு' என்றுதான் சொல்வோம். அவளும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டாள்.

பிறகு மாவட்டத் தேர்வு வந்தது. அதற்கு எழுபது மீட்டர் எய்ய வேண்டும். தஞ்சாவூருக்கு வெளியே இருக்கிற மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். அவ்வளவு தூரத்தில் என் கண்ணும் கைவிட்டது. பலகை ஒரு பூவரசம்பூ அளவுக்குத் தெரிந்தது. அம்பு பட்ட சத்தம்தான் வந்தது, அம்பைக் காணோம். "எங்க படுதுன்னே தெரியாம எப்படிம்மா திருத்துறது? இதுலயும் வரலன்னா வில்லைப் பரண்ல போட்டுட வேண்டியதுதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

தஞ்சாவூரில் காமிரா விற்கிற கடைக்கு என்னையும் கூட்டிப் போனாள். கடைக்காரர் இரண்டு ஸ்கோப்புகளை மாடியில் நிறுத்தினார். ஒன்று நேராக நீண்டிருந்தது. இன்னொன்றில் கண் வைக்கிற இடம் மட்டும் மேல்நோக்கி மடங்கியிருந்தது.

"அறுபது மடங்கு வரைக்கும் கூட்டலாம் டீச்சர். ஆனா கூட்டக் கூட்ட ஆடும். அம்பு பாக்க இருபது, முப்பதே போதும். ஸ்டாண்டு மட்டும் கனமா வாங்கிக்குங்க" என்றார்.

நேரானதில் பார்க்க நான் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. மகள் உயரம், நான் குள்ளம். மடங்கியதை என் உயரத்துக்கு வைத்துவிட்டால் போதும், அவள் கொஞ்சம் குனிந்தால் ஆயிற்று. அது மட்டுமல்ல. நேராக நின்று ஒன்றை உற்றுப் பார்க்க எனக்கு எப்போதும் கூச்சம். இதில் தலையைக் குனிந்து, தண்ணீர்க் குடத்துக்குள் பார்ப்பது போல் பார்க்கலாம்.

குனிந்தேன். உள்ளே ஒரு வட்டமான வெளிச்சம். அதற்குள் எங்கோ ஒரு மொட்டைமாடியில் காய்கிற மஞ்சள் புடவை. அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. தெருச் சத்தமெல்லாம் அடங்கிப்போன மாதிரி இருந்தது. அந்தச் சொட்டு விழும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

"பாட்டிம்மாவுக்கு அதுதான் பிடிச்சிருக்கு போல" என்றார் கடைக்காரர். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். மகள், இரண்டையும் மைதானத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தாள்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. மாசி மாதம், மைதானத்தைச் சுற்றிலும் அறுத்த வயலில் உளுந்து முளைத்திருந்தது. பனி இன்னும் முழுக்க விலகவில்லை. முதலில் மடங்கியதை நிறுத்தினோம். குனிந்தேன். பலகை என் மடிக்கு வந்துவிட்டது. நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, பிறகு நீலம், கறுப்பு. ஒரு தட்டான் அதன் விளிம்பில் உட்கார்ந்து இறக்கையை இறக்கி வைப்பதுகூடத் தெரிந்தது. எய்யும்போது அவள் நின்ற நிலை கலையக் கூடாதாம், அதனால் பார்ப்பது என் வேலை.

முதல் அம்பு. "வாயு மூலை. சிவப்புல இருக்கு" என்றேன்.

குறி பார்க்க வில்லில் வைத்திருக்கிற குறிமுள்ளை அவள் நகர்த்தினாள். இரண்டாவது அம்பு இன்னும் தள்ளிப் போய் நீலத்தில் விழுந்தது. "வாயு மூலையேதான் பாப்பா. இன்னும் தள்ளி." மறுபடி நகர்த்தினாள். மூன்றாவது பலகையையே தொடாமல் புல்லுக்குள் போய்விட்டது.

அவளோடு எய்ய வருகிற நர்ஸம்மா பக்கத்தில் நின்றார். "வாயு மூலையா? அம்மா வானிலை அறிக்கை வாசிக்கிறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மகள் வில்லை வைத்துவிட்டு வந்து தானே குனிந்து பார்த்தாள். "என்னம்மா, நீ இடப்பக்கம்னு சொல்றே. ரெண்டும் வலப்பக்கம்ல நிக்குது."

நர்ஸம்மாவும் பார்த்தார். "உள்ள கண்ணாடி வச்சு மடக்கியிருக்காங்க டீச்சர். உங்களுக்கு ஒரு விதமா, அம்மாவுக்கு ஒரு விதமா காட்டுது. எட வலம் மாத்துற சாமான் நமக்கு எதுக்கு? நேரானதை எடுத்துக்குங்க."

"அதான் சரி" என்று மகள் ஸ்டாண்டிலிருந்து அதைக் கழற்றப் போனாள். நான் தரையைப் பார்த்தேன்.

தரையில் என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு, நேராகப் பலகையைப் பார்த்துப் படுத்திருந்தது. அதையே பார்த்தேன். களத்தில் காலை நேரத்தில் என் நிழல் இடது கைப் பக்கம் அல்லவா விழும்? அப்படியென்றால் இங்கே நாங்கள் வடக்கே பார்க்கவில்லை. மேற்கே பார்த்து நிற்கிறோம். மேற்கே பார்த்து நிற்பவளுக்கு வடக்கு வலது கைப் பக்கம். வாயு மூலை மேலே வலது பக்கம் வந்துவிட்டது. நான் பார்த்ததும் சரி, சொன்னதும் சரி. ஆனால் அவள் களத்துக் கணக்கில் கேட்டு இடது பக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார், இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு தேர்வு. நேரான ஸ்கோப்பை வாங்கினாலும் நான் இதே மாதிரிதான் சொல்லுவேன், அவள் அதே மாதிரிதான் தப்பாகத் திருத்துவாள்.

"அதைக் கழட்டாதே பாப்பா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அது மேல தப்பு இல்ல. பலகைக்கு மேல மூணுன்னு எழுதியிருக்கு பாரு. அது மூணாத்தானே தெரியுது? திரும்பித் தெரியலையே. நான்தான் நம்ம களத்துல சொல்ற மாதிரி திசையைச் சொல்லிட்டேன். இங்க நாம மேற்க பாத்து நிக்கிறோம்."

அவள் சூரியனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எழுபது மீட்டர் தள்ளி மூணைப் படிச்சிட்டே, நாம எந்தப் பக்கம் பாத்து நிக்கிறோம்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீ கேக்கலியே" என்றேன்.

குறிமுள்ளை எதிர்ப்பக்கம் நகர்த்தினாள். நான் குனிந்தேன். வெளிச்ச வட்டம், பனி, தட்டான் போய்விட்ட வெறும் விளிம்பு. ஓசையே இல்லாமல் ஓர் அம்பு மஞ்சளில் முளைத்தது, சத்தம் பிறகுதான் வந்தது. அது எந்த மூலை என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "மஞ்சள்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நர்ஸம்மா திரும்பிப் பார்த்தார்.

நேரானதைத்தான் கடைக்குத் திருப்பிக் கொடுத்தோம். தேர்வில் எடுத்தது நாலு பேர், நாலாவது என் மகள்.

எழுதியதைப் படித்தால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. குறிமுள்ளை அவள் எந்தப் பக்கம் நகர்த்தினாள் என்று நான் சரியாகக் கவனிக்கவில்லை, அதனால்தான் பக்கம் எழுதவில்லை. இரண்டாவது அம்பு நீலத்திலா கறுப்பிலா என்பதும் அவளைக் கேட்டால்தான் தெரியும். வில் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். திசையை மட்டும் தொட வேண்டாம், அது சரிதான்.