முதுகு காட்டாத மச்சாள்

லண்டனின் சட்டன் பகுதியில் மச்சாளின் வீட்டுப் பின்கதவோரம் ஒரு தும்புத்தடி, நீண்ட பிடி வைத்த துடைப்பம், சாத்தியிருக்கிறது. தும்பு பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. பிடியில் இரண்டு கைகளும் பற்றும் இடங்கள் மட்டும் கறுத்து வழவழத்துக் கிடக்கின்றன. தோர்ண்டன் ஹீத் தமிழ்க்கடையில் வாங்கியது. லண்டனின் தென் விளிம்பில் இருந்த வனவிலங்குச் சரணாலயத்தில் வேலை செய்த நாட்களில், அங்கே கொடுத்த பிளாஸ்டிக் தடி ஈர இலையைத் தள்ளாது, தடவிவிட்டுத்தான் போகும் என்று சொல்லி அவர் தானே வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தடியை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்ற ஒரு காலைப்பொழுதை நான் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

மச்சாள் என் மாமாவின் மகள். பாரிஸில் வளர்ந்து, கலியாணத்தோடு லண்டனுக்கு வந்தவர். சரணாலயத்தில் அவர் பொறுப்பில் இருந்தவை இரண்டு பூமாக்கள், மலைச்சிங்கம் என்கிற பெரிய காட்டுப்பூனைகள்; யாரோ ஒருவரின் வீட்டுக் கூட்டிலிருந்து மீட்கப்பட்ட அண்ணனும் தங்கையும். மோர்டனில் ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் இருந்தபடி, “பூனைக்குக் குசினியில சமைச்சுப் போடவோ பிள்ளை பிளேன் ஏறினனீர்?” என்று கேட்டார். மச்சாள் அவருடைய இலைக்குச் சொதி விட்டுக்கொண்டே, “ஓம் அண்ணை. அதுகள் உப்புக் காணாது எண்டு சொல்லுறேல்லை” என்றார். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் நான் வேலை பார்த்த தமிழ் வாரப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று நினைத்தேன்.

பூமா கர்ஜிக்காது. சிங்கத்தைப் போலக் குரலெடுக்க அதனால் முடியாது. வீட்டுப் பூனையைப் போலக் குறுகுறுக்கும். சிலவேளை குருவியைப் போலக் கீச்சிடும். பகலின் பெரும்பகுதியை உயரமான இடத்தில் படுத்துக் கழிக்கும். அதன் மண்ணிற உடம்பு மரக்கிளையோடு கலந்துவிடுவதால், பார்க்க வந்தவர்கள் கூடு வெறுமையாக இருக்கிறதென்று முறையிட்டுப் போவதுண்டு. முதுகு காட்டிப் போகிற எதுவும் அதற்கு இரை. தின்று மிஞ்சியதை இலையாலும் வைக்கோலாலும் மூடி வைத்து, பசித்தபோது திரும்பி வரும். இவையெல்லாம் நான் போன முதல் நாளே மச்சாள் சொன்னவை. நான் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதற்கும் விளங்கிக்கொண்டதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இரண்டாம் முறை போனபோது தெரிந்தது.

வெளி வளாகத்தைக் கூட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. இரண்டு பூமாக்களும் உள்ளே, ஒரு வாசலால் இணைந்த இரண்டு அறைகளுக்குள் போனபிறகு, வளாகத்துக்குத் திறக்கும் இழுகதவை வெளியிலிருந்து கம்பிக்கயிற்றால் இறக்குவார்கள். இன்னொரு ஊழியர் துவாரத்தால் உள்ளே பார்த்து எண்ணிச் சொல்லவேண்டும். அன்றைக்கு எண்ணியவர் ஓர் ஆங்கிலேயப் பெண், வேலைக்குப் புதியவரல்லர். வோக்கிடோக்கியில் “இரண்டு” என்றார். மச்சாள் தும்புத்தடியோடு உள்ளே போனார்.

அவர் இலைகளைக் குவிக்கத் தொடங்கியபோது நான் தற்செயலாக மேலே பார்த்தேன். ஓக் மரக் கிளைக் கவட்டில் ஒரு வாலின் நுனி அசைந்தது. நுனி மட்டும்.

“மச்சாள், மரத்தில ஒண்டு இருக்கு” என்றேன். என் குரல் எப்படி அவ்வளவு தணிவாக வந்தது என்று தெரியவில்லை.

அவர் திடுக்கிடவில்லை, குனிந்திருந்த உடம்பை மெல்ல நிமிர்த்தி மரத்தை நோக்கித் திரும்பினார். பிறகு தும்புத்தடியை இரு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்தினார். ஆள் பெரிதாகத் தெரியவேண்டும். “மச்சான், ஓடாதேங்கோ. கத்தாதேங்கோ” என்றார். இடுப்பில் இருந்த அபாயப் பொத்தானை அவர் தொடவில்லை. அதை அழுத்தினால் முகாமையாளர் பூமாவைச் சுடத் துவக்கோடு வருவார். அது எனக்கும் தெரியும்.

பெண் பூமா கீழே இறங்கியது. சத்தமே இல்லை. தலை தாழ்ந்து, தோள் எலும்புகள் மாறி மாறி எழ, மச்சாளை நோக்கி நடந்தது. மச்சாள் ஓரடி பின்னால் வைத்தார். அது நின்றது. மறுபடி நடந்தது. அதன் கண் அவரில் இல்லை, அவருக்குப் பின்னால் இருந்த இழுகதவில் இருந்தது என்பதை நான் கவனிப்பதற்கு முன்னரே அவர் கவனித்துவிட்டார். தடியை இறக்காமல், கதவுக்கு முன்னாலிருந்து பக்கவாட்டில் விலகத் தொடங்கினார்.

“மச்சான், அவவிட்டச் சொல்லுங்கோ. ஆண் பூமாவை உள்ளறைக்குள்ள பூட்டிப்போட்டு இழுகதவைத் தூக்கச் சொல்லுங்கோ. இவள் என்னட்ட வரேல்லை. சாப்பாட்டிட்டப் போறாள்.”

நான் வேலியோரமாக நடந்துபோய் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் துவாரத்தால் மறுபடி பார்த்தார். முன்னறையின் மூலையில் வைக்கோலுக்குள் சுருண்டு கிடந்தது பூமா அல்ல. முதல்நாள் போட்ட, வீதியில் அடிபட்ட மானின் தொடை. தோலும் மயிரும் அப்படியே, அதே மண்ணிறம். பெண் பூமா அதை வைக்கோலால் மூடிவிட்டுக் கதவு இறங்குமுன் வெளியே போயிருக்கிறது. ஆனால் இப்போது ஆண் பூமா இரண்டு அறைகளுக்கும் நடுவாசலில் வந்து படுத்துக்கொண்டது. அந்தக் கதவை மூட முடியவில்லை. அந்த ஆங்கிலேயப் பெண் உள்ளறைப் பக்கம் இறைச்சி வாளியைத் தட்டினார். ஆண் எழும்பவில்லை. கொட்டாவி விட்டது. வெளியே மச்சாள் தடியை இறக்காமல் இன்னும் ஓரடி பக்கவாட்டில் வைத்தார். மறுபடி வாளிச் சத்தம். ஆண் சோம்பல் முறித்து எழுந்து உள்ளறைக்குள் போனது. நடுக்கதவு விழுந்தது. இழுகதவு உயர்ந்தது.

பெண் பூமா மச்சாளைத் திரும்பியும் பார்க்காமல் தன் மானிடம் போனது.

முகாமையாளர் பிற்பகலில் எங்கள் மூவரையும் அழைத்தார். ஆள்மேல் பாய வந்திருந்தால் அந்தப் பூமாவை உயிரோடு வைத்திருக்க முடியாது என்று தொடங்கினார். மச்சாள், “அவள் என்னைத் தேடி வரேல்லை” என்றார். முகாமையாளர் என்னைப் பார்த்தார். “ஓடி வந்ததா?”

எனக்கு அந்தப் பூமாவிடம் பாசம் எதுவும் இல்லை. மச்சாள் செத்திருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பத்திரிகையில் பழகிய ஒன்றைத்தான் செய்தேன்: கண்டதைச் சொன்னேன். “நடந்து வந்தது. இரண்டு தடவை நின்றது. கதவைப் பார்த்துக்கொண்டு வந்தது.” அவர் பேனையை மூடினார். அன்றிலிருந்து அங்கே உடம்பை எண்ணுவதில்லை; முகத்தைக் கண்டால்தான் எண்ணிக்கை.

வெளியே வந்ததும் மச்சாள், “இதை எழுதப் போறீங்களோ?” என்று கேட்டார். “எழுதமாட்டன்” என்றேன். “எழுதுங்கோ. அவள் போனபிறகு எழுதுங்கோ” என்றார்.

அவள், அந்தப் பெண் பூமா, கடந்த மாரிக்குளிரில், முதுமையில், வைக்கோல் மேல் படுத்தபடி போய்விட்டாள். மச்சாளும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். போன ஞாயிறு நான் சட்டனுக்குப் போனபோது அவர் பின்வளவில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். வேலிமேல் அயல்வீட்டுக்காரரின் சாம்பல் பூனை படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. “தேத்தண்ணி ஆறுது” என்று குசினிக்குள்ளிருந்து நான் கூப்பிட்டேன். “வாறன்” என்றார். தும்புத்தடியை மார்போடு பிடித்து, பூனையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து வந்து, குதிக்காலால் கதவுப்படியைத் தேடி ஏறினார். பிறகுதான் தடியைச் சாத்தினார்.