இலை ஜோடியா, தனியா?

அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுதும் தகுதி எனக்கு இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கடிதம்கூட நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை. அண்ணன் மகன்தான், "அத்தே, கடைசி மூணு வருசம் அப்பாகூடக் காட்டுக்குப் போனது நீங்க. நீங்க எழுதாம யாரு எழுதுவா?" என்று நோட்டைக் கையில் கொடுத்தான். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரி ஊரில் பிறந்தார். தொடர்ந்து மழை பொய்த்ததால் எங்கள் அய்யா குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் அய்யா இறந்துபோனார். அண்ணன் பத்தாம் வகுப்பை முடித்த கையோடு ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மேசை துடைப்பதும் கண்ணாடிக் குடுவை கழுவுவதும்தான் வேலை. ஆனால் மாசி மாதம் செய்முறைத் தேர்வு வரும்போது, மாணவர்கள் பார்த்துப் பெயர் எழுத வேண்டிய செடிகளைக் காட்டிலிருந்து கொண்டுவருவதும் அவர் பொறுப்பாயிற்று. மற்ற மாதங்களில் அதிகம் பேசாத மனிதர், அந்த மாதம் மட்டும் சாப்பிடும்போதுகூடச் செடிப் பேச்சாகவே இருப்பார்.

எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் அவர். கணவரை இழந்து நான் திரும்பி வந்தபோது, தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு வீடு பார்த்து வைத்தவரும் அவர்தான்.

தொண்ணூறுகள் முடியும் சமயம் சர்க்கரை நோய் அவர் கண்ணைப் பிடித்தது. வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது என்றார். அண்ணி அழுதார். அண்ணனின் கவலை வேறு. "வேலை போனாப் போகட்டும் புள்ள. நான் தப்பான செடியக் கொண்டுபோய் வச்சு, அதால ஒரு பிள்ளை பெயிலாச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்று என்னிடம் கேட்டார். துறைத் தலைவர் அம்மாவிடம் மறைக்காமல் போய்ச் சொன்னார். "கண்ணு போனா என்ன, உங்க கை இருக்குல்ல?" என்றாராம் அந்த அம்மா. அதன்பிறகு ஒவ்வொரு மாசியிலும் அவருக்குக் கண்ணாக நான் போனேன்.

மாசியில் வேம்பு இலை கொட்டியிருக்கும். கண்மாய் ஓரத்தில்தான் கொஞ்சம் பச்சை இருக்கும், அதிலும் பல செடிகளில் பூ இருக்காது. "பூ இருந்தா யாரு வேணாலும் பேரு சொல்லிருவாக. பூ இல்லாதப்பச் சொல்லணும்" என்பார். முதல் நாள் கீழாநெல்லி என்று நான் பறித்துக் கொடுத்ததன் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ புள்ள, கீழாநெல்லின்னா இலைக்குக் கீழ பாசிமணி கோத்தாப்ல வரிசையாக் காய் இருக்கும். இது புளியங்கன்னு. இதை வச்சா பிள்ளைக ரசம் வைக்கிறது எப்படின்னுதான் எழுதும்."

"இம்புட்டுத்தான்ணே எனக்குத் தெரியும்."

"தெரிய வேணாம். நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு, போதும்."

அவர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். தண்டில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கின்றனவா, மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கின்றனவா என்பது. அதை அவர், "ஜோடியா, தனியா?" என்று கேட்பார். ஒரு நாள் வெயில் தாங்காமல் நான், "தனிதான்ணே, என்னை மாதிரி" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அண்ணன் அந்தச் செடியை வாங்கிச் சாக்கில் வைத்துக் கட்டினார். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். மறுவாரம் போனபோது, "இலை எதிரெதிரா, மாத்தி மாத்தியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பழைய கேள்வியை அவர் கேட்கவே இல்லை. அத்தனை வருடப் பழக்கத்தை எனக்காக விட்டார்.

கடைசியாகப் போன அன்று இருபது செடிகளை ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு மத்தியானமே வீடு திரும்பினோம். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவி உறுதி செய்தார். பதினெட்டு முடிந்தது. "செத்த நேரம் இரு, நெஞ்சு என்னமோ பண்ணுது" என்றார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கூடவே இருந்து செபம் சொன்ன எங்கள் தேவாலயப் பங்கு மக்களுக்கும், அண்ணியைத் தாங்கிப் பிடித்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. காட்டுப் பாதையில் நாங்கள் கை காட்டிய இடத்திலெல்லாம் பஸ்ஸை நிறுத்திய நடத்துனர் தம்பிக்கும் நன்றி.

அன்று சாயங்காலம் துறைத் தலைவர் அம்மா வந்து அண்ணன் காலடியில் நின்று அழுதார். தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சாக்கை எடுத்துவந்தேன். "ரெண்டு மட்டும் அண்ணன் பாக்கலைங்கம்மா" என்றேன். ஒன்றைப் புரட்டினேன். இலைக்குக் கீழே வரிசையாக மணிகள் இருந்தன. "கீழாநெல்லி" என்றேன். அடுத்ததன் தண்டை அண்ணனைப் போலவே இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தேன். சதுரம் போல நாலு மூலை தட்டுப்பட்டது. பூ இல்லை. இலையைப் பார்த்தேன்.

"ஜோடிங்கம்மா. தும்பை" என்றேன்.

அந்த அம்மா சாக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு நடந்தது. நாலு மணிக்கு அண்ணனை அடக்கம் செய்தோம்.